எட்டுப் பொருத்தம்

போன வாரம் சங்கரி தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போன காகிதம் என்ன என்று கேட்டு நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். அச்சரப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி, "வீட்டுப் பத்திரத்தின் நகல்தானே?" என்று கேட்டிருந்தார். அப்படி இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை அம்மா. எழுதுகிற எனக்கும் இந்த வாரம் இவ்வளவு சங்கடம் இருந்திருக்காது.

இதுவரை படிக்காதவர்களுக்காக நாலு வரி. லட்சுமணன் கல்பாக்கத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். புதுப்பட்டினத்தில் மாடி வைத்துக் கட்டிய வீடு. ஒரே பையன் பிரவின்குமார். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், அம்மா காபி கொண்டுபோனபோது மேஜையில் தலை சாய்த்திருந்தான். தூங்குகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். இருபத்தெட்டு வயது. மாரடைப்பு என்றார்கள்.

அன்றிலிருந்து சியாமளா தினமும் நாலு மணிக்கு மாடிக்குக் காபி கொண்டுபோகிறாள். ஆறிய காபியைத் திரும்ப எடுத்துவந்து சிங்கில் ஊற்றுகிறாள். அழுவதில்லை, யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. வெளி கேட்டைத் தாண்டி அவள் தெருவில் கால் வைத்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் ஒரு வருடம் இந்த வீட்டில் இருந்தால் இவளையும் பறிகொடுத்துவிடுவேன் என்று லட்சுமணன் பயந்தார். வீட்டை விற்றுவிட்டுப் பாளையங்கோட்டையில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் போய்விட வேண்டும். அவருக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

வீட்டை விற்றுக் கொடுக்கத்தான் படாளத்துப் புரோக்கர் ஜெகதீசன் வந்தான். மூன்று பார்ட்டிகளைக் கூட்டிவந்தான். மூவருக்கும் வீடு பிடித்தது. மூவரும் வாலிபச் சாவு நடந்த வீடு என்று தெரிந்ததும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அப்போதுதான் ஜெகதீசன் அந்த யோசனையைச் சொன்னான். மாலை போட்ட படத்தைக் கழற்றி பீரோவுக்குள் வைக்கச் சொன்னான். ஏர்போர்ட்டில் பையோடு நின்று பிரவின் எடுத்துக்கொண்ட படத்தை அந்த ஆணியில் மாட்டினான். பக்கத்து இரண்டு வீடுகளிலும் போய், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கைகூப்பிவிட்டு வந்தான். "பையன் அமெரிக்காவுல கீறான்னு ஒரு வார்த்த சொல்லுங்கம்மா, அவ்ளோதான்" என்று சியாமளாவிடம் சொன்னான்.

நாலாவதாக வந்தவர்கள் சுப்புராமனும் அவர் மனைவி சங்கரியும். கூடுவாஞ்சேரியில் வாடகைக்கு இருப்பவர்கள். வீடு பிடித்துப் போனது. அட்வான்ஸ் கொடுக்க நாளும் குறித்தாகிவிட்டது.

அந்த நாள் இன்றைக்கு. வெள்ளிக்கிழமை.

காலை ஏழு மணிக்கு ஜெகதீசன் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது சங்கரி போன் செய்தாள்.

"அண்ணா, நாங்க கிளம்பிக்கிட்டிருக்கோம். பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள கொடுத்துடணும். அப்புறம் அண்ணா, தட்டு ஒண்ணு இல்ல, ரெண்டு கொண்டு வர்றோம்."

"ரெண்டு இன்னாத்துக்குமா?"

"ஒண்ணு வீட்டுக்கு." சங்கரி சிரித்தாள். "சியாமளா அக்கா உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா? அன்னைக்கு அடுப்படியில நின்னு பேசினோம்ல, சொந்த ஊர் எது, குலதெய்வம் எதுன்னு கேட்டா, எல்லாம் நம்ம பக்கம். பையன் ஜாதகம் இருக்கான்னு கேட்டேன். எடுத்துக் கொடுத்தாங்க. எங்க பொண்ணு அனுவுக்குப் பார்த்தோம். பத்துக்கு எட்டுப் பொருத்தம் அண்ணா."

ஜெகதீசன் கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டான். அவள் இன்னும் ஏதேதோ சொன்னாள். அவன் "சரிமா, சரிமா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

போனை வைத்ததும் அவன் மனைவி ஜோதிலட்சுமி சட்னிக் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"இன்னாய்யா, யாரு போன்ல? மூஞ்சே சரியில்லியே."

சொன்னான். எதையும் அவளிடம் மறைத்துப் பழக்கமில்லை அவனுக்கு. முழுக்கக் கேட்டுவிட்டு அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"செத்துப்போன புள்ளைக்குப் பொண்ணு பாத்துக்கினு வர்றாங்களா?"

"நான் இன்னாடி பண்ணுவேன்? வூடு விக்கத்தான சொன்னேன். ஜாதகம் குடுக்கச் சொன்னனா?"

"நீ வாயத் தொறந்து ஆரம்பிச்சு வெச்சதுதான. நம்ம பாப்பாவுக்கு நாள பின்ன எவனாச்சும் இப்டிப் பண்ணா சும்மா வுடுவியா நீ?"

அவன் கை கழுவப் போனான்.

"மொதல்ல போயி அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட உண்மையச் சொல்லு" என்றாள் ஜோதிலட்சுமி. "வூடு போனாப் போவுது. வேற வூடே கெடைக்காதா உனக்கு?"

ஜெகதீசனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் கெட்டவன் இல்லை. உப்புத் தண்ணீர் வரும் வீட்டைக் காட்டும்போது சொந்தக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி கேன் தண்ணீரில் காபி போட வைப்பான். மழைக்காலத்தில் முட்டி வரை தண்ணீர் நிற்கும் தெருவைச் சித்திரை மாதத்தில்தான் காட்டுவான். இதெல்லாம் தொழிலில் உள்ளது, யாரும் செத்துப்போவதில்லை என்பது அவன் கட்சி. பிரவினையும் அப்படி ஒரு கேன் தண்ணீராகத்தான் நினைத்துவிட்டான் பாவி.

புதுப்பட்டினத்தில் அவன் வண்டியை நிறுத்தியபோது எட்டரை. லட்சுமணன் சட்டைப் பையில் பேனாவோடு கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். ராத்திரி தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. ஆனாலும் முகத்தில் ஒரு தெளிவு. இந்த வீட்டுக்கு வந்துபோகிற இத்தனை நாளில் ஜெகதீசன் அதை இன்றுதான் பார்க்கிறான்.

"வாங்க ஜெகதீசன். பாளையங்கோட்டையில தங்கச்சி வீடு பார்த்து வச்சிட்டா. கீழ் வீடு, மாடியே கிடையாது."

"சார், ஒரு விசயம்."

சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு எதுவும் தெரியாது. ஜாதகம் எங்கே இருந்தது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"ஏன் இப்படிப் பண்ணா?" என்றார். பிறகு ரொம்ப மெதுவாக, "அதான் ஒரு வாரமா நல்லாச் சாப்பிட்டாளா?" என்றார்.

உள்ளே சியாமளா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். தலையில் இரண்டு முழம் மல்லிகை. அடுப்படியில் கேசரி வாசனை. வந்தவர்களை வெறும் வாயோடு விடாத பழக்கத்தில் ஜெகதீசனைப் பார்த்ததும் ஒரு தட்டில் கேசரி வைத்து நீட்டினாள்.

"சாப்பிடுங்க தம்பி. முந்திரி நிறையப் போட்டிருக்கேன். அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும்."

"சியாமளா," என்றார் லட்சுமணன். "ஜாதகம் கொடுத்தியா?"

அவள் கை நின்றது. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கொடுத்தேன்."

"அவன் இல்லைன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன. நான்தானே பார்த்தேன். முதல்ல பார்த்தது நான்தானே." அவள் குரல் ஏறவே இல்லை. "எனக்குப் பைத்தியம் பிடிக்கலைங்க. மூணு வருஷத்துல யாராவது என்கிட்ட அவன் பேரைச் சொன்னீங்களா? உங்க தங்கச்சி வந்தா மழை, வெயில் பத்திப் பேசுறா. பக்கத்து வீட்டுல என்னைப் பார்த்தா கதவைச் சாத்திக்கிறாங்க. நீங்க டிவியைப் போட்டுர்றீங்க. அந்தம்மா ஒருத்திதான் கேட்டா. உங்க பையன் என்ன விரும்பிச் சாப்பிடுவான், கோபம் வருமா, சின்னதுல சேட்டை பண்ணுவானான்னு கேட்டா. அடுக்கடுக்காக் கேட்டா. சொல்லச் சொல்ல எனக்கு வாய் ஓயலை. ஒரு அரை மணி நேரம் அவன் இருந்தான். ஜாதகம் இருக்கான்னதும் இல்லைன்னு சொல்ல எனக்கு மனசு வரலை."

லட்சுமணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். டிவி என்று அவள் சொன்னது அவரை எங்கோ அடித்திருக்க வேண்டும். துண்டால் முகத்தைத் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

ஜெகதீசன் கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "அம்மா, தப்பு எம்மேல. நான்தான் ஆரம்பிச்சி வெச்சேன். அவங்க வந்ததும் நானே சொல்லிடறேன்."

"சொல்லாதீங்க" என்றார் லட்சுமணன். அவருடைய குரலே இல்லை அது. "அட்வான்ஸ் முடியட்டும். அக்ரிமென்ட்ல கையெழுத்தாகட்டும். நாளைக்கு நான் போன் பண்ணி, பையன் அங்கேயே ஒரு பொண்ணைப் பார்த்துட்டான்னு சொல்லிர்றேன். எத்தனை வீட்டுல நடக்குது. அவங்க ரெண்டு நாள் வருத்தப்படுவாங்க, அவ்வளவுதான். எனக்கு இவளை இங்கேயிருந்து கூட்டிக்கிட்டுப் போகணும் ஜெகதீசன். இவங்களும் ஓடிட்டா அஞ்சாவது ஆள் எங்கேயிருந்து வருவான்?"

ஜெகதீசனுக்கு அந்த யோசனை பிடித்திருந்தது என்பதுதான் உண்மை. மறைத்து என்ன பயன்? ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் சுத்தமாக மூடிவிடலாம், எல்லோரும் வீடு போய்ச் சேரலாம். ஜோதிலட்சுமி சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. இருந்தும் அவன், "உங்க இஷ்டம் சார்" என்றான்.

ஏலக்காய் போட மறந்துவிட்டது போலிருக்கிறது, சியாமளா திரும்ப அடுப்படிக்குப் போனாள்.

ஒன்பதரைக்குச் சுப்புராமனும் சங்கரியும் வந்தார்கள். இரண்டு தட்டுகள். ஒன்றில் வெற்றிலை பாக்கு, பழம், கவர். இன்னொன்றில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, அதன் மேல் மஞ்சள் தடவிய ஒரு காகிதம். சுப்புராமன் வந்ததும் லட்சுமணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வீடு வாங்க வந்த இடத்துல சம்பந்தியைப் பிடிச்சிட்டோம் சார். எங்க ஆபீஸ்ல சொன்னா ஒருத்தனும் நம்பலை."

லட்சுமணன் சிரித்தார். சிரித்தார் என்று நான் எழுதுகிறேன், பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். ஜெகதீசன் சுவரைப் பார்த்தான். அங்கே பிரவின் பையோடு நின்றுகொண்டிருந்தான். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தான்.

"அங்க இப்ப ராத்திரி பதினொண்ணு இருக்குமா அக்கா?" என்றாள் சங்கரி. "ஒரு வீடியோ கால் போட்டா முகத்தைப் பார்த்துக்கலாம். தூங்கியிருப்பாரோ?"

"தூங்குறான்" என்றாள் சியாமளா.

"சரி, எழுப்ப வேண்டாம். பொறுமையாப் பேசிக்கலாம்." சங்கரி சோபாவில் சியாமளாவை ஒட்டி உட்கார்ந்தாள். சந்தோஷத்தில் அவளுக்குப் பேச்சு நிற்கவில்லை. "அக்கா, எங்க அனுவைப் பத்திச் சொல்லணும். சிறுசேரியில வேலை. முப்பது ஆகப் போகுது. மூணு வருஷமா எந்த வரன் சொன்னாலும் வேண்டாம், வேண்டாம்தான். ஒரு இடம் பேசி முடிச்சு, அவங்க கடைசி நேரத்துல மாறிட்டாங்க, அதுலேருந்து இப்படி. அன்னைக்கு உங்க வீட்டுச் சுவத்துல இருந்த படத்தைப் போன்ல எடுத்துக்கிட்டேனா, சும்மா காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தா. நல்லவராத் தெரியுறாரும்மான்னா. அவ்வளவுதான் சொன்னா. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

சியாமளா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜோசியர் என்ன சொன்னார் தெரியுமா? எட்டுப் பொருத்தத்தை விடுங்க. பையனுக்கு ஆயுள் ரொம்ப தீர்க்கம், உங்க பொண்ணு மாங்கல்யத்துக்கு ஒரு குறையும் வராதும்மான்னார். எண்பத்திரண்டு வயசு."

"எத்தனை?" என்றாள் சியாமளா.

"எண்பத்திரண்டு அக்கா. எழுதியே கொடுத்திருக்கார், பாருங்க." மஞ்சள் தடவிய காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

சியாமளா வாங்கினாள். பிரித்துப் படித்தாள். எண்ணின் மேல் விரலை வைத்து இன்னொரு முறை படித்தாள். பிறகு அதை மடித்துச் சங்கரியின் கையிலேயே வைத்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

"சியாமளா" என்றார் லட்சுமணன். கெஞ்சுகிற குரல்.

"இருபத்தெட்டுலயே போயிட்டான்மா" என்றாள் அவள். "மாடியில. மூணு வருஷம் ஆச்சு. நான் உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்."

சங்கரிக்கு முதலில் புரியவில்லை. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள், லட்சுமணனைப் பார்த்தாள், ஜெகதீசனைப் பார்த்தாள். அவன் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அவனுடைய மௌனத்தில்தான் அவளுக்குப் புரிந்தது.

சுப்புராமன் எழுந்துவிட்டார். "என்னய்யா இது? இதை மறைச்சிட்டு வீட்டை எங்க தலையில கட்டப் பார்த்தீங்களா? வீடியோ கால் வரைக்கும் பேசுறோம், பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க. நீயெல்லாம் ஒரு புரோக்கரா?"

"தப்புதான் சார்" என்றான் ஜெகதீசன். "எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது. அவங்க மேல தப்பே கெடையாது."

"யார் மேல தப்பு இருந்தா எனக்கென்ன? வீடும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சங்கரி, எழுந்திரு."

அவர் அட்வான்ஸ் கவரை எடுத்துக்கொண்டார். லட்சுமணன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மேஜையில் வைத்தார். பாளையங்கோட்டையும் தங்கையும் மாடியில்லாத அந்தக் கீழ் வீடும் அவர் கையை விட்டுப் போனதை ஜெகதீசன் பார்த்தான். சிகரெட் குடிக்கிறவனாக இருந்தால் வெளியே போயிருப்பான். அவனுக்கு அதுவும் பழக்கமில்லை.

சங்கரி மட்டும் எழவில்லை. அவள் கை இன்னும் சியாமளாவின் கைகளுக்குள் இருந்தது.

"அனுவைக் கூட்டிட்டு வந்திருக்கோம்" என்றாள். "தெருமுனையில கார்ல உட்கார்ந்திருக்கா. நிச்சயம் ஆகாம பொண்ணு மாப்பிள்ளை வீட்டு வாசப்படி ஏறக் கூடாதுன்னு நான்தான் உட்கார வச்சேன். வர்றியான்னு நான் கேட்கக்கூட இல்லைக்கா. காலையில அவளாவே புடவை கட்டிக்கிட்டு வந்து நின்னா." சங்கரி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அவகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்லுவேன்?"

சுப்புராமன் கவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கோபத்தில் அவருக்கு மகள் ஞாபகம் வந்திருக்கவில்லை.

"நான் சொல்றேன்" என்றாள் சியாமளா.

"வேண்டாம் சியாமளா. உன்னால முடியாது."

"என் பிள்ளை விஷயத்தை வேற யார் சொல்றது?"

அவள் எழுந்தாள். தலையிலிருந்த மல்லிகையை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். கேட்டைத் திறந்தாள். செருப்புப் போடவில்லை. லட்சுமணன் வாசலில் நின்று அவள் தெருவில் இறங்குவதைப் பார்த்தார். இத்தனை நாள் அதற்காகத்தான் அவர் வீட்டை விற்க அலைந்தார். இப்போது ஓடிப்போய் அவளை உள்ளே கூட்டிவந்துவிட வேண்டும் போலிருந்தது.

ஜெகதீசன் பத்தடி பின்னால் நடந்தான். விழுந்துவிட்டால் பிடிக்க ஆள் வேண்டுமே என்றுதான் போனான்.

தெருமுனையில் வெள்ளைக் கார். பட்டுப்புடவையில் ஒரு அம்மா வருவதைக் கண்ணாடியில் பார்த்ததும் கதவு திறந்தது. மாம்பழ நிறப் புடவை. ஒல்லியான பெண். முகத்தில் கொஞ்சம் வெட்கம், நிறையப் பயம். கூட்டிப்போக அந்த அம்மாவே வந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

சியாமளா வாயைத் திறப்பதற்குள் அவள் குனிந்து காலைத் தொட்டுவிட்டாள்.

"ஆசீர்வாதம் பண்ணுங்க அத்தை."

சியாமளாவின் கை அனுவின் தலைக்கு மேல் தானாகப் போனது. தீர்க்க சுமங்கலியாக இரு என்று சொல்ல வேண்டும். சங்கரன்கோவிலில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் உதடு அசைந்தது, நின்றது, திரும்ப அசைந்தது. பின்னால் நின்ற ஜெகதீசனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தலையைத் தொட்ட கை அங்கேயே இருப்பது மட்டும் தெரிந்தது.

"நல்லா இரு தாயி" என்றாள் கடைசியில். "நீ இரு. நூறு வயசு நீ இரு."

அனு குனிந்தபடியே ஒரு நொடி இருந்தாள். தன் பின்கழுத்தில் ஏதோ சொட்டியதை உணர்ந்து நிமிர்ந்தாள். மூன்று வருடமாக அழாத முகம் அவளுக்கு எதிரே அழுதுகொண்டிருந்தது.

"என்னாச்சு அத்தை?" என்று கேட்டாள் அனு.